படகு சொன்ன பேச்சு கேக்கலையா? மொதல்ல லோட நகத்திப் பாருங்க

ஒகேனக்கல்ல பரிசல் ஏறுனவங்க ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. துடுப்பத் தொடறதுக்கு முன்னாடியே பரிசல்காரர் ஆள் ஆளா பாத்து உக்கார வெப்பாரு, "அண்ணே நீங்க அந்தப் பக்கம் போங்க, அக்கா நீங்க கொழந்தையோட இப்படி உக்காருங்க"ன்னு. நாம ஏதோ ஃபோட்டோக்கு வரிசை கட்டறாருன்னு நெனச்சுட்டு உக்காருவோம். அவர் செய்றதுக்குப் பேர்தான் ட்ரிம். எடை எங்க உக்காந்திருக்கோ அதப் பொறுத்து படகு தண்ணில எப்படி நிக்குது, மூக்கு தாழ்ந்தா வாலு தாழ்ந்தா இல்ல ஒரு பக்கமா சாஞ்சா, அவ்ளோதான் விஷயம்.

நான் சில வருஷமா சென்னைக்குத் தெக்க முட்டுக்காடு பக்கம் கயாக் ஓட்டறேன், அதாவது ரெண்டு முனைலயும் அலகு இருக்கற துடுப்பால ஓட்டற ஒடுக்கமான சின்னப் படகு. ஒரு பழைய பத்தடி சிட்-ஆன்-டாப் (உள்ள எறங்காம மேலயே உக்கார்ற கயாக்) இருக்கு, ஃப்ரெண்டோட பங்கு போட்டு வாங்குன செகண்ட் ஹேண்ட் பதினாறடி டூரிங் கயாக்கும் (நெடுந்தூரம் போறதுக்கான நீளமான வகை) இருக்கு. தெரிஞ்சவங்க கேக்கற கேள்வி பெரும்பாலும் "இந்தப் படகு சரியில்ல, வித்துட்டு வேற வாங்கலாமா"ன்னுதான் ஆரம்பிக்கும். படகோட உருவத்த நீங்க மாத்த முடியாது, அது அச்சுல ஊத்துனப்பவே முடிஞ்சு போச்சு. ஆனா எடையோட எடத்த மாத்தலாம், அதுக்கு காசும் கெடயாது, அதனால கீழ ஒவ்வொண்ணா சொல்லப் போற கோளாறுல எது இருந்தாலும் மொதல்ல அதப் பண்ணிட்டு அப்புறமா படகத் திட்டுங்க.

முன்பக்கத்த மூக்கு, பின்பக்கத்த வாலுன்னு சொல்லிட்டுப் போறேன். மீனவங்க மூக்க அணியம்னு சொல்வாங்க, அது அழகான சொல்லுதான், ஆனா நம்ம ஆளுங்க யாரும் கயாக்குல அப்படி சொல்லி நான் கேட்டதில்ல.

எப்படி உக்காந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது

உள்ள உக்காந்துட்டு பாத்தா தெரியாது. கரைல ஒருத்தர நிறுத்தி, லோடெல்லாம் ஏத்துனதுக்கு அப்புறம், நீங்களும் ஏறி உக்காந்ததுக்கு அப்புறம், தண்ணி மட்டத்துக்கு ஃபோன தாழ்த்தி சைடுலேந்து ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. ஆள் இல்லன்னா பாதி தண்ணி இருக்கற பாட்டில டெக்ல, அதாவது படகோட மேல்பரப்புல, நீளவாக்குல படுக்க வைங்க, கொத்தனார் ரசமட்டம் பாக்கற மாதிரிதான், உள்ள இருக்கற தண்ணி மூக்குப் பக்கம் ஓடிச்சுன்னா மூக்கு கனம். என்ன, டெக் எல்லா இடத்துலயும் சமமா இருக்காது, அதனால காலிப் படகுல ஒரு தடவ வெச்சுப் பாத்து எது சமம்னு குறிச்சுக்கணும்.

பொதுவா எது வேணும்னா: சமமா இருக்கணும், இல்ல வாலு ஒரு விரக்கடை தாழ்ந்திருக்கணும். மூக்கு தாழ்ந்து மட்டும் இருக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சு வெச்சுக்குங்க, பின்னாடி உதவும். எடையோட பவர் அது நடுவுலேந்து எவ்ளோ தூரத்துல இருக்கோ அதப் பொறுத்தது, சீசா பலகை மாதிரி. 10 லிட்டர் தண்ணி கேன், அதாவது 10 கிலோ, படகு நடுவுலேந்து 1.2 மீட்டர் பின்னாடி தள்ளி வெச்சா, எடையையும் தூரத்தையும் பெருக்கி 12. அதே 12ஐ 80 கிலோ ஆள் ஒருத்தர் வெறும் 15 சென்டிமீட்டர் பின்னாடி நகந்து உக்காந்தாலே கொண்டு வந்துடலாம். அதாவது ஒரு சாண் கூட இல்ல. சீட்டு அட்ஜஸ்ட் பண்ற மாதிரி இருந்தா மொதல்ல அதுல கை வைங்க, பை மூட்டையெல்லாம் அப்புறம்.

"காத்து வர்ற பக்கமே மூக்கு திரும்பிட்டுப் போகுது"

இதான் எல்லாருக்கும் வர்ற கோளாறு, இதுல நானும் நல்லா மாட்டிருக்கேன். வெயில் காலத்துல மத்தியானம் கடக்காத்து கெளம்பும்ல, அதுக்கு குறுக்கால போகணும். என்கிட்ட இருந்த ஐஸ் பெட்டி, 12 லிட்டர் தண்ணி, எல்லாத்தையும் முன் ஹேட்ச்ல, அதாவது மூடி போட்ட சாமான் அறைல, போட்டுட்டேன், காரணம் அந்த மூடி பெருசா இருந்துச்சு, வேற ஒரு யோசனையும் இல்ல. காலைல காத்தில்லாதப்ப தெரியவே இல்ல. திரும்பி வரும்போது வலது பக்கத்துலேந்து காத்து, படகு செக்குமாடு மாதிரி வலது பக்கமே சுத்துது, நான் வலது கைலயே அம்பது அறுவது தடவ இழுத்து தோள்பட்டை கழண்டு போச்சு, கடைசில ஒரு கரைய பாத்து ஒதுங்கி எல்லாத்தையும் வெளில எடுத்து பின்னாடி போட்டேன், அவ்ளோதான், மீதி தூரம் நேரா வந்தேன்.

என்ன நடக்குதுன்னா, படகு முன்னாடி போகும்போது மூக்கு புது தண்ணிய பிளந்துட்டுப் போகுது, ரெண்டு பக்கமும் தண்ணி அத இறுக்கிப் புடிச்சிருக்கும். வாலு ஏற்கனவே கலங்கிப் போன தண்ணில வருது, அங்க பிடிப்பு கம்மி. சைடுலேந்து காத்தடிச்சா மூக்கு நகராது, வாலு மட்டும் காத்தோட தள்ளிட்டுப் போகும், வாலு அந்தப் பக்கம் போனா மூக்கு காத்த பாத்து திரும்பித்தானே ஆகணும். வேகமா போனா இன்னும் ஜாஸ்தி திரும்பும். இதுல மூக்குல கனத்த வேற வெச்சா, மூக்கு ஆழமா இறங்கி ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கும், வாலு தண்ணிய விட்டு மேல வந்து காத்துக்கு இன்னும் வாட்டமா காட்டும்.

கண்டுபுடிக்க ஒரு டெஸ்ட் இருக்கு. துடுப்ப மடில வெச்சுட்டு சும்மா உக்காருங்க. படகு வேகம் கொறைஞ்சு நின்னதும் காத்துக்கு குறுக்கா திரும்பி நிக்கும். ஓட்டுனா காத்த நோக்கித் திரும்புது, நிறுத்துனா குறுக்கா வந்துடுதுன்னா நான் சொன்ன காரணம்தான், உங்க துடுப்பு ஸ்டைலப் பத்தி கவலப்பட வேணாம்.

சரி பண்ண: எடைய பின்னாடி கொண்டு போங்க. ஸ்கெக் இருக்கற படகுன்னா, அதாவது வாலுக்கு அடில இறங்கற சின்ன தகடு, அதக் கொஞ்சம் எறக்குங்க, பாதி எறக்குனாலே பெரும்பாலும் போதும். முழுசா எறக்குனா எதிர் பக்கம் போயிடும், அத அடுத்ததுல சொல்றேன். நடுத்தண்ணில இருக்கீங்க, லோட மாத்த முடியாதுன்னா, காத்து வர்ற பக்கம் இடுப்ப சாய்ச்சு படகோட அந்த ஓரத்த தண்ணிக்குள்ள கொஞ்சம் அழுத்துங்க, அதே பக்கம் துடுப்ப மூக்குலேந்து வாலு வரைக்கும் அரைவட்டமா பெருசா வீசுங்க. ஒடம்பு நேரா இருக்கணும், இடுப்பு மட்டும் சாயணும். வலது ஓரத்த அழுத்துனா படகு இடது பக்கம் திரும்பும். மோட்டார் பைக் ஓட்டிப் பழகுனவங்களுக்கு இது தலைகீழா தோணும், ரெண்டு மூணு நாள் ஆகும் ஒடம்பு நம்பறதுக்கு.

"மூக்கு காத்தோட ஓடிடுது, எதிர்க்காத்துல திருப்பவே முடியல"

மேல சொன்னதோட மறுபக்கம். வாலு ரொம்ப கனமாகி மூக்கு தூக்கிட்டு நிக்குது, நிக்கற மூக்கு பாய் மாதிரி காத்த புடிக்குது. சிங்கிள் ஆள் டேண்டம் கயாக்க, அதாவது ரெண்டு பேர் ஓட்டற கயாக்க, எடுத்துட்டுப் போய் பின் சீட்ல உக்காந்தா இதான் கிடைக்கும், முன்னாடி பாதி படகு ஆகாசத்தப் பாத்துட்டு இருக்கும். எனக்குப் பாத்தா இது முந்தினத விட ஆபத்து. காத்த பாத்துத் திரும்பற படகு உங்கள காத்து வர்ற பக்கம் கொண்டு போகும், அங்கேந்து காத்தே உங்கள திருப்பி அனுப்பும். காத்தோட ஓடற படகு முகத்துவாரம் பக்கம் இழுத்துட்டுப் போச்சுன்னா திரும்பி வர்றது யாரு.

ஸ்கெக் எறங்கி இருந்தா தூக்குங்க, மறந்து போய் எறக்கியே வெச்சுட்டு அரை மணி நேரம் சண்ட போட்டவங்க இருக்காங்க. டேண்டம்ல தனியா போனா நடு சீட் அச்சு இருக்கான்னு பாருங்க, நெறைய மாடல்ல மூணாவதா ஒரு குழி இருக்கும், அது இதுக்குத்தான். இல்லன்னா மூக்குல தண்ணி கேன் ஒண்ணு கட்டுங்க, நல்லா கட்டுங்க. திறந்த கனூன்னா, அதாவது ஒத்தை அலகு துடுப்பால ஓட்டற, மேல மூடாத படகுன்னா, முன் சீட்ல திரும்பி உக்காந்து வாலு பக்கத்த மூக்கா வெச்சு ஓட்டுவாங்க, ஏன்னா முன் சீட்டு நடுவுக்கு கிட்ட இருக்கும், பின் சீட்டு ஓரத்துல இருக்கும். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே உருவமா இருக்கற கனூக்குத்தான் இது சரியா வரும்.

"காத்தே இல்ல, இருந்தாலும் பாம்பு மாதிரி போகுது"

இங்க உருவம் பேச ஆரம்பிக்குது. பரிசல எடுத்துக்குங்க, வட்டம், தட்டை அடி, நீளம்னு ஒண்ணு கெடயாது, அதனால நேரா போகணும்னு அதுக்கு எந்த எண்ணமும் இல்ல, பரிசல்காரர் முன்பக்கமா துடுப்ப போட்டு தண்ணிய தன் பக்கம் இழுத்துத்தான் அத நகத்தறாரு. அந்தக் கடைசிக்கு கேரளா சுண்டன் வள்ளத்தப் பாருங்க, நூறடிக்கு மேல நீளம், ஒடுக்கம், அது நேரா போறதுக்குன்னே பொறந்தது, திருப்பறதுக்குத்தான் வாலுல பெரிய துடுப்போட ஆளுங்க நிக்கறாங்க. நம்ம படகெல்லாம் இது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு.

அப்புறம் அடிப்பக்கத்தோட வளைவு, ராக்கர்னு சொல்வாங்க. சாய்வு நாற்காலியோட கால் மாதிரி மூக்கும் வாலும் மேல வளைஞ்சிருந்தா சட்டுனு திரும்பும், நேரா போகாது. தரைல வெச்சுப் பாருங்க, ரெண்டு முனைலயும் எவ்ளோ இடைவெளி தெரியுதுன்னு. எட்டடி ஒம்பதடி வாடகை கயாக் பாம்பு மாதிரி போறது கோளாறே இல்ல, அது அப்படித்தான்.

கண்டுபுடிக்க: நாலஞ்சு தடவ நல்லா இழுத்துட்டு கைய நிறுத்துங்க. ஒரு தடவ வலது, ஒரு தடவ இடதுன்னு மாத்தி மாத்தி போச்சுன்னா உருவம், கூடவே உங்க கை. துடுப்ப ஒடம்ப விட்டு தள்ளி வீசாம படகுக்கு ஒட்டி நெட்டுக்குத்தலா போடுங்க, பாதி சரியாயிடும். வாலுல கொஞ்சம் எடை சேத்தா வாலு ஆழமா எறங்கி தானே ஒரு ஸ்கெக் மாதிரி வேல செய்யும், ராக்கர் இருக்கற படகுக்கு இது நல்ல மருந்து.

ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் போச்சுன்னா வேற கதை. எடை சைடுல எங்கயோ சாஞ்சிருக்கு, இல்ல நீங்களே ஒரு பக்கமா உக்காந்திருக்கீங்க (பர்ஸ பின் பாக்கெட்ல வெச்சுட்டு உக்காந்த ஒருத்தர எனக்குத் தெரியும், நம்ப மாட்டீங்க), இல்லன்னா அடிப்பக்கம் வளைஞ்சு போச்சு. பிளாஸ்டிக் கயாக்க கார் மேல ஸ்ட்ராப் போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கி, நம்ம ஊர் வெயில்ல நாலு மணி நேரம் நிறுத்துனா அடி உள்வாங்கும். கவுத்துப் போட்டு கண்ண தரைக்கு தாழ்த்தி நீளவாக்குல பாருங்க, பள்ளம் தெரியும். சின்ன பள்ளம்னா எந்த வெயில் கெடுத்துச்சோ அதே வெயில்ல வெச்சு சூடாக்கி, வெந்நி ஊத்தி, உள்ளேந்து மெதுவா தள்ளி, பச்சத் தண்ணி ஊத்தி ஆற விட்டா பெரும்பாலும் வந்துடும். அடுப்பு, ஹீட் கன் எல்லாம் வேணாம்.

"திரும்பவே மாட்டேங்குது"

நீளமான படகுன்னா பொறுமை வேணும். மூக்கு கனமா இருக்கான்னு பாருங்க, இருந்தா பின்னாடி தள்ளுங்க. ஓரத்த அழுத்தித் திருப்புங்க, அப்படி சாய்க்கும்போது தண்ணில இருக்கற நீளம் கொறையும், மூக்கும் வாலும் கொஞ்சம் விடுபடும்.

இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்குத் தெரியாது. மட்டம் பாத்தா சமமா இருக்கும், ஆனாலும் திரும்பாது, காரணம் எடை ரெண்டு முனைலயும் இருக்கும். மூக்குல 10 கிலோ, வாலுல 10 கிலோ, ரெண்டும் நடுவுலேந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. அதே 20 கிலோவ நடுவுக்கு அரை மீட்டர் பக்கத்துல கொண்டு வாங்க, ட்ரிம் மாறவே இல்ல, ஆனா படகத் திருப்பறதுக்கு அந்த மூட்டைங்க கொடுக்கற எதிர்ப்பு ஒன்பதுல ஒரு பங்கா கொறைஞ்சுடும், ஏன்னா தூரம் மூணு மடங்குன்னா எதிர்ப்பு ஒன்பது மடங்கு. அலையில மூக்கு தூக்கறதுக்கும் இதே கணக்குதான். கனமானது நடுவுல, அடில. லேசான துணி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் முனைக்கு.

"ரொம்ப ஆடுது, உக்காரவே பயமா இருக்கு"

ரெண்டு வித ஆட்டம் இருக்கு, அதப் பிரிச்சுக்கணும். தட்டை அடி இருக்கற படகு ஏறுனதும் வீட்டுத் திண்ணை மாதிரி கம்முனு இருக்கும், கொஞ்சம் சாஞ்சாலும் அசையாது, ஆனா ஒரு அளவுக்கு மேல சாஞ்சா சொல்லாம கொள்ளாம கவுந்துடும். உருண்டை அடியோ வி மாதிரி அடியோ இருந்தா ஏறுனதுலேந்து நடுங்கிட்டே இருக்கும், ஆனா ஓரம் சாயச் சாய தாங்கிப் புடிக்கும். அமைதியான தண்ணிக்கு மொதல் வகை, அலைக்கு ரெண்டாவது. தட்டை அடிப் படகு அலையோட சரிவுக்கு தானும் சரியும், அதான் அதோட குணம். அதனால டூரிங் கயாக் வாங்குன மொத வாரத்துல "ஐயோ ஆடுது"ன்னு விக்காதீங்க, ஒரு மாசம் குடுங்க.

அகலம் பத்தி ஒரு கணக்கு. படகு தன்னை நிமித்திக்கற பலம் அகலம் × அகலம் × அகலம்ங்கற கணக்குல ஏறும். 70 சென்டிமீட்டர் படகுக்கும் 77க்கும் பத்து சதவீதம்தான் வித்தியாசம், பலம் 33 சதவீதம் ஜாஸ்தி. அகலத்த நாம மாத்த முடியாது, சரி. உக்கார்ற உயரத்த மாத்தலாம்ல. சிட்-ஆன்-டாப்புல வாங்கிப் போடற மெத்து மெத்துன்னு உயரமான சீட்டுதான் பாதி ஆட்டத்துக்கு காரணம், ரெண்டு இன்ச் எறக்குனா படகே வேற மாதிரி ஆயிடும். முழங்கால், தொடை, குதிகால் மூணும் படகத் தொட்டு இருக்கணும், கைல துடுப்ப இறுக்கிப் புடிக்காதீங்க. தலைய அசைக்காதீங்க, எட்டிப் பாக்கறேன்னு ஒரு பக்கமா தலை போனாத்தான் கவுறும். லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு கரையோரமா இடுப்பளவு தண்ணில வேணும்னே ஒரு தடவ கவுத்துப் பாருங்க, எந்த இடத்துல போகுதுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சா பயம் போயிடும்.

உள்ள தண்ணி இருந்தாலும் இதே மாதிரிதான் ஆடும், அத கடைசில சொல்றேன்.

"பின்னாடி அலை வந்தா வாலு சுத்திக்கிட்டு குறுக்கா போட்டுடுது"

கடல்லயும் முகத்துவாரத்துலயும் வர்றது. அலை வால தூக்குது, மூக்கு முன்னாடி இருக்கற பள்ளத்துல குத்துது, மூக்கு நின்னுடுது வாலு நிக்கல, அப்ப சுத்தாம என்ன பண்ணும். எதிர்க்காத்துல போகும்போது லேசா முன்னாடி இருந்த எடை பின்காத்துல எதிரியாயிடும், அதனால போகும்போதும் வரும்போதும் ஒரே லோடிங் சரியா வராது, திரும்பறதுக்கு முன்னாடி ஒரு பைய பின்னாடி மாத்துங்க. ஸ்கெக் முழுசா எறக்குங்க. அலை வால தூக்கறப்ப இழுக்காதீங்க, அது கடந்து மூக்கு தூக்கும்போது இழுங்க, அலையோட ரேஸ் விட வேணாம். அப்படியும் குறுக்கா போயிடுச்சுன்னா, அலை வர்ற பக்கம் சாயணும், துடுப்ப அந்த அலை மேலயே ஊன்றி. பயத்துல எல்லாரும் கரைப் பக்கம் சாய்வாங்க, சாஞ்சதும் படகு அவங்க மேல இருக்கும்.

"எவ்ளோ இழுத்தாலும் வேகம் வரல"

மொதல்ல எதிர்பாப்ப சரி பண்ணிக்குங்க. படகு தான் எழுப்பற அலைல தானே மாட்டிக்கும், அந்த எல்லை தண்ணில இருக்கற நீளத்தப் பொறுத்தது. பத்தடின்னா மணிக்கு 8 கிலோமீட்டர் கிட்ட, பதினாறடின்னா 10 கிட்ட. அதுக்கு மேல எவ்ளோ அழுத்துனாலும் மூச்சுதான் வாங்கும், வாலு எறங்கும், மூக்கு மேட்டுல ஏறற மாதிரி தூக்கும். சின்னப் படகுல வர்றவர் நம்மள முந்த முடியலன்னு வருத்தப்பட்டா அவர் கைய குத்தம் சொல்லாதீங்க.

வாலு ஓவரா கனம்னாலும் இழுவை தெரியும், பின்னாடி கொளகொளன்னு தண்ணி சுழிச்சுட்டு சத்தத்தோட வரும், அந்த சத்தம் கேட்டா எடைய முன்னாடி கொண்டாங்க.

பழவேற்காடு மாதிரி ஆழமில்லாத ஏரில இன்னொரு வெனை இருக்கு. தண்ணி ஆழம் கொறைய கொறைய அலையோட வேகமும் கொறையும். ஒரு மீட்டர் ஆழத்துல அலை மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல ஓடாது, அரை மீட்டர்ல 8தான். நீங்க அந்த வேகத்த நெருங்கும்போதே படகு சேத்துல மாட்டுன மாதிரி இழுக்கும், வாலு தரைய நோக்கி உக்காரும், தரை தட்டல ஆனா தட்டுன மாதிரியே இருக்கும். இதுக்கு ஒரே வழி ஆழமான ஓடைப் பக்கம் ஒதுங்கறது, இல்ல வேகத்த கொறைச்சுட்டு பறவைய பாத்துட்டு மெதுவா போறது.

"ரெண்டு பேர் ஏறுனதும் எல்லாமே கெட்டுப் போச்சு"

வாடகைக்கு எடுக்கற இடத்துல பெரும்பாலும் யார் மொதல்ல வந்தாங்களோ அவங்கள முன்னாடி ஏத்துவாங்க. ஒரு தடவ 90 கிலோ நண்பன் முன்னாடி, 58 கிலோ நான் பின்னாடி. வித்தியாசம் 32 கிலோ, சீட்டு ரெண்டும் நடுவுலேந்து சுமார் 90 சென்டிமீட்டர். அத சமன் பண்ணணும்னா 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ண வாலோட கடைசில, நடுவுலேந்து 1.4 மீட்டர் தள்ளி கட்டணும். அதுக்கு பதிலா எடம் மாத்தி உக்காந்துட்டா போச்சு, கனமானவர் பின்னாடி. மச்சான் ஈகோ பாக்காம ஒத்துக்கிட்டான், "ஃபோட்டோல நான் முன்னாடி இருக்கணும்"னு மட்டும் சொன்னான், கரைக்கு வந்ததும் எடுத்துக்கலாம்னு பின்னாடி தள்ளிட்டேன். புருஷன் பொண்டாட்டியா போறவங்க படகுல வெச்சு எடையப் பத்தி பேசாதீங்க, கரைலயே முடிச்சுக்குங்க.

"சிட்-ஆன்-டாப் ஓட்டைலேந்து தண்ணி மேல வருது"

ஸ்கப்பர் ஓட்டை தண்ணி வெளில போறதுக்கு, ஆனா அதே வழில உள்ளயும் வரும். நம்ம கட்டுமரமும் இப்படித்தான், கட்டைங்களுக்கு நடுவுல தண்ணி ஏறும், எறங்கும், அதனாலயே அதுல தண்ணி தேங்கி முழுகறதுன்னு ஒண்ணு கெடயாது. இங்லீஷ்ல கேட்டமரன்னு சொல்றதே நம்ம கட்டுமரம்தான், ஆனா அவங்க அந்தப் பேர ரெண்டு அடிப்பாகம் இருக்கற படகுக்கு வெச்சுட்டாங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன். உக்கார்ற எடத்துல மட்டும் குளமா நின்னா வாலு தாழ்ந்திருக்கு, கால் வைக்கற எடத்துல நின்னா மூக்கு தாழ்ந்திருக்கு, இதே ஒரு ட்ரிம் மீட்டர்தான். எல்லா எடத்துலயும் நின்னா ஓவர்லோடு. படகு மேல எழுதியிருக்கற அதிகபட்ச எடைங்கறது கிட்டத்தட்ட எல்லை, அதுல மூணுல ரெண்டு பங்கோட நிறுத்திக்கறதுதான் என் பழக்கம். அடைப்பான் போட்டு மூடலாம், ஆனா அலை உள்ள விழுந்தா அப்புறம் நீங்கதான் மொண்டு ஊத்தணும்.

"எல்லாம் மாத்திப் பாத்துட்டேன், இன்னமும் ஒரு நேரம் இந்தப் பக்கம் சாயுது ஒரு நேரம் அந்தப் பக்கம்"

லோடு நகந்தா ஒரு பக்கம் சாஞ்சு அப்படியே நிக்கும். சாய்வு மாறிட்டே இருந்தா உள்ள இருக்கறது மூட்டை இல்ல, தண்ணி. சாயற பக்கமெல்லாம் அதுவும் ஓடி வரும், மூக்கு தாழ்ந்தா மூக்குக்கு ஓடும், அதனால உங்க ட்ரிம் கணக்கு எதுவும் நிக்காது. நாங்க அந்த செகண்ட் ஹேண்ட் பதினாறடிய மொத தடவ எறக்குனப்ப பைங்கள முன்னாடி பின்னாடின்னு ஒரு மணி நேரம் மாத்திட்டே இருந்தோம், ஃப்ரெண்டு "உருவமே சரியில்லடா, ஏமாத்திட்டாங்க"ன்னு பொலம்ப ஆரம்பிச்சுட்டான். கரைக்கு இழுத்துட்டு வந்து தூக்கும்போதுதான் கனமே புரிஞ்சுது. பின் ஹேட்ச் மூடியோட ரப்பர் ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு, உள்ள கிட்டத்தட்ட ஒரு பக்கெட் தண்ணி. கவுத்து ஊத்திட்டு, ரப்பர் மேல சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டி, பைங்கள எல்லாம் காலைல மொதல்ல வெச்ச எடத்துலயே வெச்சு எறக்குனோம்.